காய்ந்துவிட்டது என்று கை சொல்லும்போது

(ரொறன்ரோவில் தமிழ் முதியோர் கூடிய ஒரு ஞாயிறு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அக்காமாரே, அண்ணாமாரே, பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளே, பேசத் தொடங்கும் முன் சின்ன வேலையொன்றைச் செய்துவிடுகிறேன். அதன் பலன் தெரிய நேரமெடுக்கும்.

இந்த மேசையில் இரண்டு பெரிய கண்ணாடிக் கிண்ணங்கள் இருக்கின்றன. கிழிந்துபோன ஒரு கம்போட்டரின், அதாவது குளிர்காலப் போர்வையின், தையலைப் பிரித்து எடுத்த தூவி இரண்டிலும் இருக்கிறது. சமையலறைத் தராசில் நிறுத்து ஒவ்வொன்றிலும் 5 கிராம் போட்டேன். ஒரு தேக்கரண்டிச் சீனியின் பாரம்தான், ஆனால் கிண்ணம் நிரம்பி வழிகிறது. இடப்பக்கக் கிண்ணத்தை அப்படியே விடுகிறேன். வலப்பக்கத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றுகிறேன். பாருங்கள், நனைய மறுத்து மிதக்கிறது. ஒரு துளி சவர்க்காரம் விட்டு மெல்ல அமுக்கினால்தான் இணங்குகிறது. இப்போது எடுத்துப் பிழிகிறேன். கிண்ணம் நிறைய இருந்தது ஒரு தேசிக்காய் அளவுக்கு ஒடுங்கிவிட்டது. இதைப் போர்வைத் துணியிலேயே தைத்த இந்தச் சின்னப் பைக்குள் போட்டு, சூட்டுக்காற்று வரும் அந்தக் கிராதியின் மேல் வைக்கிறேன். பேச்சு முடிந்ததும் வந்து பார்ப்போம்.

நான் ஊரில் தமிழ் படிப்பித்தவள். வடமராட்சியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். 1990 மாசியில் இந்த நகரத்தில் வந்து இறங்கினேன். அதன்பின் 23 வருடங்கள் ஒரு ஹொட்டேலின் லோண்ட்ரியில் வேலை செய்தேன். இன்று பேசப்போவது அந்த இரண்டாவது பள்ளிக்கூடத்தில் படித்ததைப் பற்றி. முதலாவதும் இடையிடையே வரும்.

வந்த புதிதில் எனக்கு ஒரு தூவிப் போர்வை கிடைத்தது. எனக்கு முன்பே வந்திருந்த ஒரு தூரத்து அக்கா தந்தது. பேஸ்மென்ட் அறையில் இரண்டு குளிர்காலத்தை அதற்குள் சுருண்டு கழித்தேன். 1992 வசந்தத்தில், அழுக்கோடு எடுத்துவைக்கக்கூடாது என்று தோய்த்தேன். ட்ரையரில் போட்டேன். அது தானாக நின்றது. தொட்டுப் பார்த்தேன், சுடச்சுட இருந்தது, துணி மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. மடித்து பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி அலுமாரியில் வைத்தேன். ஐப்பசியில் திறந்தபோது அறை முழுக்கப் பூஞ்சண நாற்றம். உள்ளே கறுத்த கட்டிகள். குப்பையில்தான் போட வேண்டியதாயிற்று. அந்தக் குளிர்காலத்தை இரண்டு மெல்லிய கம்பளிகளோடு கழித்தேன். வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக்கு இறங்கும் இரவுகளில் அது என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே பிழைவிட்டேன் என்பது ஹொட்டேல் வேலைக்குப் போய் இரண்டு வருடம் கழித்துத்தான் விளங்கியது. அதை விளங்கிக்கொள்ள, அந்தப் போர்வைக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

நாங்கள் எல்லாரும் கம்போட்டர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சொல்லுங்கள், தவறில்லை. ஆனால் உள்ளே இருக்கும் பொருளுக்கு எங்களிடம் பழைய சொல் இருக்கிறது. தூவி. அனிச்சப் பூவையும் அன்னத்தின் தூவியையும் மென்மைக்கு எல்லையாக வைத்து, அவையும் தலைவியின் காலுக்கு நெருஞ்சிப் பழம்தான் என்று குறளில் வருகிறதே, அதே தூவிதான். நெடுநல்வாடையை நான் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்திருக்கிறேன். வாடைக்காற்று வீசும் குளிர்காலம். அரசன் பாசறையில். அரசி தனியே. அவளுக்கு இட்டிருக்கும் படுக்கையை நக்கீரர் விவரிக்கும்போது, துணையோடு கூடிய அன்னத்தின் வெள்ளைத் தூவியால் செய்த அணை வருகிறது. ஊரில் இதைப் படிப்பித்தபோது செல்வச் செழிப்பைக் காட்டும் வருணனை என்று சொல்லிக் கடந்துவிட்டேன். வாடைக்கும் தூவிக்கும் உள்ள உறவு எனக்குத் தெரிந்தது இந்த நகரத்து ஸ்காபுறோவில்தான். குளிரைப் பாட வந்த புலவர் படுக்கைக்குள் எதை வைக்க வேண்டுமோ அதைத்தான் வைத்திருக்கிறார்.

தூவி வேறு, இறகு வேறு. இறகுக்கு நடுவில் தண்டு உண்டு, தட்டையாக இருக்கும். தாராவுக்கும் வாத்துக்கும் நெஞ்சுப்பக்கத்தில், இறகுகளுக்கு அடியில், தண்டில்லாத பஞ்சுப் பொட்டு ஒன்று வளர்கிறது. நடுவில் ஒரு சிறு புள்ளி. அதிலிருந்து எல்லாத் திசையிலும் நூலிழைகள். ஒவ்வொரு இழையிலிருந்தும் அதைவிட மெல்லிய கிளைகள். எருக்கம் விதை காற்றில் பறக்கும்போது பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அந்த வடிவம். இந்த இழைகளுக்கு நடுவில் காற்று சிக்கிக்கொள்கிறது. அசையாத காற்று வெப்பத்தை இலேசில் கடத்தாது. எங்களைச் சூடாக வைத்திருப்பது அந்தக் காற்றுத்தான். தூவி அதைப் பிடித்துவைத்திருக்கிறது, அவ்வளவே.

கடையில் போர்வைப் பையின் மேல் 600, 700, 800 என்று ஒரு எண் இருக்கும். ஃபில் பவர் என்பார்கள். ஒரு அவுன்ஸ் தூவி, அதாவது 28 கிராம், எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதன் அளவு அது. 700 என்றால் ஏறத்தாழ பதினொன்றரை லீற்றர். 28 கிராம் பொருள் ஒரு வாளியை நிரப்புகிறது. கிண்ணத்தில் நீங்கள் கண்டது அதைத்தான்.

இந்தத் தூவியில் தலைசிறந்தது ஐடர் என்னும் கடல்வாத்தினுடையது. ஐஸ்லாந்துக் கரைகளில் பெட்டை வாத்து தன் நெஞ்சிலிருந்து தூவியைத் தானே பிடுங்கிக் கூட்டுக்குள் பரப்பி முட்டையிடும். அங்குள்ள விவசாயிகள் அந்தக் கூடுகளை நரியிடமிருந்தும் கழுகிடமிருந்தும் காத்து, தூவியைக் கையால் சேகரிக்கிறார்கள். ஒரு கிலோ சேர்க்க ஏறக்குறைய 60 கூடுகள் வேண்டும். 1922இல் எவரெஸ்டுக்குப் போன குழுவில் ஜோர்ஜ் ஃபிஞ்ச் என்றொரு வேதியியலாளர் இருந்தார், அவுஸ்திரேலியாவில் பிறந்தவர். பலூன் செய்யும் துணிக்குள் இந்த ஐடர் தூவியை அடைத்துத் தைத்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு போனார். மற்றவர்கள் கம்பளியும் ட்வீட் துணியும் போட்டிருந்தார்கள். முதலில் அவருடைய அங்கியைக் கண்டு சிரித்தவர்கள், மேலே குளிர் ஏற ஏற அதைப் பார்த்து ஏங்கினார்களாம். அவரும் துணைக்குப் போனவரும் அந்த முறை ஏறத்தாழ 8,300 மீற்றர் வரை ஏறினார்கள். இன்று இந்த நகரத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் புசுபுசு ஜக்கற்றுகளுக்கு அந்த அங்கி ஒரு பாட்டன்.

இங்கே ஒரு கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. எங்களில் பலர் சைவம். பறவையின் தூவிக்குள் படுக்கலாமா என்று என்னிடமே சில அம்மாமார் கேட்டிருக்கிறார்கள். ஐடரை விட்டால், சந்தைக்கு வரும் தூவியில் பெரும்பகுதி இறைச்சிக்காக வளர்க்கும் வாத்திலிருந்தும் தாராவிலிருந்தும் வருவது. உயிரோடு பிடுங்கும் கொடுமையும் சில இடங்களில் நடந்திருக்கிறது. அதைத் தவிர்த்த தூவிக்குச் சான்றிதழ் கொடுக்கும் முறைகள் இப்போது இருக்கின்றன. வாங்குவதா விடுவதா என்பதை அவரவர் மனம் தீர்மானிக்கட்டும். செயற்கை இழைப் போர்வைகளும் நல்லவையே. ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், ஒரு பறவையிடமிருந்து வந்த பொருள் அது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருடம் உழைக்கும். தோய்க்கப் பயந்து ஐந்தாம் வருடம் குப்பையில் எறிவதை என்னால் ஏற்க முடியவில்லை. நானே ஒன்றை எறிந்தவள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

தூவியைத் தோய்க்கும் பழக்கம் எங்களுக்கு வராமல் போனதற்கு ஒரு காரணம் இலவம் பஞ்சு. ஊரில் தலையணையும் மெத்தையும் இலவம் பஞ்சுதான். அதை யாரும் தோய்ப்பதில்லை. வெயிலில் போடுவோம், தடியால் அடிப்போம், திருப்பிப் போடுவோம், அவ்வளவுதான். அந்த இழைக்கு மேல் மெழுகு போன்ற பூச்சு இருக்கிறது, உள்ளே குழாய் போலப் பொந்து. தண்ணீரில் மிதக்கும் என்பதால் ஒருகாலத்தில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் அதைத்தான் அடைத்தார்கள். வெயில் ஒன்றே அதற்குப் போதும். தூவி அப்படியல்ல. அதன் இழை கெரற்றின் என்னும் புரதம். எங்கள் தலைமயிரும் நகமும் அதே பொருள். வியர்வையும் உடம்பெண்ணெயும் படப்பட இழைகள் ஒட்டிக்கொள்ளும், காற்றுக்கு இடம் குறையும், போர்வை தட்டையாகும். வருடத்துக்கு வருடம் குளிருகிறதே என்று நினைப்போம். எங்களுக்கு வயதாகிறது என்று நினைப்போம். சிலநேரம் போர்வைக்குத்தான் குளிப்பு வேண்டியிருக்கும்.

ஆனால் அடிக்கடி வேண்டாம். மேலே ஒரு பருத்தி உறை போட்டு, அந்த உறையைக் கிழமைக்கொருதரம் இல்லாவிட்டாலும் இரண்டு கிழமைக்கொருதரமாவது தோய்த்தால், உள்ளே இருப்பதை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தோய்த்தால் போதும்.

தோய்ப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது இலகு. முதலில் ஓரத்தில் தைத்திருக்கும் சின்னச் சீட்டைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டிப் படத்தின் மேல் குறுக்குக்கோடு இருந்தால் வீட்டில் தோய்க்க வேண்டாம். பிறகு தையல் முழுவதையும் வெளிச்சத்தில் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சின்னப் பொத்தல் இருந்தாலும் முதலில் ஊசி நூல். இல்லாவிட்டால் மெசினுக்குள் பனி கொட்டும். மெசின் முன்பக்கம் கதவு திறப்பதாக இருக்க வேண்டும். மேலே மூடி திறந்து நடுவில் தண்டு நின்று திருகும் மெசின் உள்ளறைத் தையல்களைக் கிழித்துவிடும். வீட்டு மெசின் சின்னதென்றால், காசு போட்டு ஓடவிடும் லோண்ட்ரிக்குக் கொண்டுபோங்கள், அங்கே பெரியவை இருக்கும்.

சவர்க்காரம் மிகக் குறைவு. ஒரு மேசைக்கரண்டி, கூடினால் இரண்டு. கம்பளிக்கும் தூவிக்கும் என்று விற்கும் மென்மையான திரவம் நல்லது. சாதாரண சவர்க்காரத்தூளில் கறையை நீக்க ஒரு நொதியம் சேர்த்திருப்பார்கள். முட்டை, இரத்தம் போன்ற புரதக் கறையைத் தின்னும் நொதியம் அது. தூவியும் புரதம் என்பதை மறக்க வேண்டாம். துணி மென்மையாக்கும் திரவம் போடவே கூடாது. அது இழைகளின் மேல் படிந்து அவற்றைச் சோரவைக்கும். வெளிற்றும் திரவமும் கூடாது. தண்ணீர் குளிராகவோ இளஞ்சூடாகவோ இருக்கட்டும். போடும்போது போர்வையைக் கட்டியணைத்துக் காற்றை வெளியேற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் பலூன்போல மேலே நிற்கும். நுரை போகும்வரை இரண்டு முறையாவது அலசுங்கள். கடைசியில் தண்ணீர் பிழியும் சுற்றை மட்டும் இன்னொருமுறை ஓடவிடுங்கள். அந்தப் பத்து நிமிடம் பின்னால் ஒரு மணித்தியாலத்தை மிச்சம் பிடித்துத் தரும்.

எடுக்கும்போது ஒரு மூலையில் பிடித்துத் தூக்காதீர்கள். ஈரத்தின் பாரமெல்லாம் ஒரு தையலில் தொங்கும். நித்திரையான பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையையும் அடியில் கொடுத்து எடுங்கள். பறவை மணம் ஒன்று வரும். பயப்பட வேண்டாம், ஈரத் தூவியின் மணமே அதுதான். முழுக்கக் காய்ந்தால் போய்விடும். போகாவிட்டால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

இனித்தான் வேலை.

ஊருக்குப் போகும்போது சூட்கேசைக் கொக்கியில் மாட்டி நிறுத்துப் பார்ப்போமே, 23 கிலோவைத் தாண்டிவிடக்கூடாதென்று, அந்தச் சின்னத் தராசு உங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கும். என் போர்வையை ஒரு பையில் போட்டு அதில் மாட்டி நிறுத்தேன். தோய்க்க முன் 2.2 கிலோ. மெசினிலிருந்து எடுத்தபோது 4.7. அதாவது இரண்டரை லீற்றர் தண்ணீர் உள்ளே. ட்ரையரில் குறைந்த சூட்டில் ஒரு மணித்தியாலம் ஓடியபின் 3.6. இரண்டு மணித்தியாலத்தில் 2.9. அந்த நேரத்தில் கைவைத்துப் பார்த்தேன். துணி சூடு, மொறுமொறுப்பு. காய்ந்துவிட்டது என்று கை சத்தியம் பண்ணியது. 1992இல் நான் நிறுத்தியது இந்த இடத்தில்தான். தராசோ இன்னும் 700 கிராம் தண்ணீர் இருக்கிறது என்றது. ஒரு பெரிய போத்தல் தண்ணீரைப் போர்வைக்குள் ஊற்றி, கட்டி, அலுமாரியில் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் அன்று ஆனது.

கை ஏன் ஏமாந்தது? தூவி வெளியே வராமலிருக்க அந்தத் துணியை மிக நெருக்கமாக நெய்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் நீராவி அந்த நெசவு வழியாக மெல்லமெல்லத்தான் வெளியேற வேண்டும். துணி சூட்டுக்காற்றில் நேரே படுவதால் முதலில் காயும். அதோடு தண்ணீர் ஆவியாவது சும்மா நடக்கும் காரியமல்ல. ஒரு லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தைப்போல ஆறேழு மடங்கு வேண்டும் அதை முழுக்க ஆவியாக்க. ட்ரையர் ஏன் ஏமாந்தது என்றால், புதிய ட்ரையர்களின் உள்ளே இரண்டு உலோகப் பட்டிகள் இருக்கும். அவற்றில் உரசும் துணியில் ஈரம் இல்லையென்றால் வேலை முடிந்தது என்று மெசின் நின்றுவிடும். அவற்றில் படுவது வெளித்துணி மட்டும். ஆகவே தானாக நிற்கும் முறையை விட்டு, நேரம் வைத்து ஓடவிடும் முறையைத் திருகுங்கள்.

சூட்டைக் கூட்டி அவசரப்படுத்தலாமே என்று என் மகனே கேட்டான். கூட்டினால் இழை முறுகி உடையும். தும்பாகப் போன தூவி காற்றைப் பிடிக்காது. குறைந்த சூடு, நீண்ட நேரம். நாலு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சிலவேளை ஐந்து.

ஈரத்தில் தூவிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். தொடக்கத்தில் அந்தத் தேசிக்காய் அளவுக் கட்டியைக் கண்டீர்களல்லவா? கட்டியின் நடு கடைசிவரை காயாது. அதனால்தான் ட்ரையருக்குள் மூன்று நாலு பந்து போடுவது. கம்பளியால் செய்த பந்துகள் கிடைக்கும். இல்லாவிட்டால் புதிய ரெனிஸ் பந்துகளைச் சுத்தமான வெள்ளைக் காலுறைக்குள் போட்டு முடிந்துவிடுங்கள், சாயமும் றப்பர் மணமும் ஏறாது. அவை விழுந்து விழுந்து கட்டிகளைத் தட்டும். அதோடு விடக்கூடாது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி, போர்வையை வெளியே எடுத்து, அறையறையாகக் கையால் தடவி, கட்டி படும் இடத்தில் இரண்டு விரலால் பிரித்துவிட்டு, உள்வெளியாகப் புரட்டித் திரும்பப் போடுங்கள். தும்பு பிடிக்கும் வலையையும் ஒவ்வொரு முறையும் துடையுங்கள். அதில் சேரும் தும்பு தீப்பிடிக்கும் பொருள்.

ஹொட்டேலில் எனக்கு மேலே இருந்தவர் ஒரு போர்த்துக்கேயப் பெண்மணி. எனக்கும் அவருக்கும் பொதுவாக முப்பது ஆங்கிலச் சொற்கள் இருந்திருக்கும். நான் சூடான போர்வையை மடிக்கப் போனபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார். போர்வையை மேசையில் விரித்துப் பத்து நிமிடம் ஆறவிட்டார். பிறகு என் உள்ளங்கையை ஒரு மூலையில் வைத்து அழுத்தினார். குளிர்ந்தது. சூடாக இருக்கும்போது ஈரம் ஒளிந்துகொள்ளும், ஆறினால் குளிர்ச்சியாகக் காட்டிக்கொடுக்கும். அடுத்து யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். ஒவ்வொரு அறைக்குள்ளும் கறுத்த புள்ளி புள்ளியாகக் கட்டிகளின் நிழல். சொல்லில்லாமல் நடந்த அந்தப் பாடத்துக்கு ஈடாக ஆசிரிய கலாசாலையில் நான் படித்த எதையும் சொல்லத் தெரியவில்லை.

ட்ரையரை விட்டு வெயிலில் காயப்போடலாமா? ஆனி ஆடியில், காற்றடிக்கும் நல்ல வெயில் நாளில், கடைசிக் கட்டத்துக்குப் போடலாம். கொடியில் தொங்கவிட்டால் தூவி கீழே இறங்கும், ஆகவே கதிரைகளின் மேல் தட்டையாக விரித்துத் திருப்பித் திருப்பிப் போடுங்கள். முழு ஈரத்தையும் வெயிலிடம் ஒப்படைத்தால் இரண்டு நாள் போகும், பூஞ்சணம் முந்திக்கொள்ளும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு இரவு அறையில் விரித்து விடுங்கள். அடுத்த நாள் திரும்ப நிறுங்கள். தோய்க்க முன் இருந்த பாரம் வந்துவிட்டதென்றால் மடிக்கலாம். எனக்கு 2.2 வந்தது. வைப்பது பிளாஸ்டிக் பையில் அல்ல, பழைய பருத்தி விரிப்பில் சுற்றி, மேலே பாரம் ஏற்றாமல்.

என் நேரம் முடிகிறது. முன்வரிசையில் இருக்கும் தங்கச்சி, நீங்கள் ஒருதரம் எழும்பி அந்தக் கிராதியின் மேல் இருக்கும் பையை எடுத்து வாங்கோ. துணியைத் தொட்டுச் சொல்லுங்கள். காய்ந்துவிட்டதா? நல்லது. இப்போது இந்தக் கத்தரிக்கோலால் தையலை வெட்டி, உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். அந்தக் கட்டியின் நடுவைப் பிரித்து, பக்கத்தில் இருக்கும் அம்மாவின் கையிலும் கொஞ்சம் வையுங்கள்.